கூன் ஈயைப் பார்க்க ஒரு நுண்ணோக்கி: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

சென்ற ஆண்டின் இறுதியில் 520 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து நான் வாங்கிய இருகண் நுண்ணோக்கியைப் பற்றிய மதிப்புரை இது. இதே கருவி இணையக் கடைகளில் ஏழெட்டுப் பெயர்களில் விற்கப்படுவதால் அதன் பெயரை இங்கே எழுதுவதில் பயனில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை விட்டுவிட்டு, விவரக்குறிப்பில் உள்ள அளவுகளைப் பார்த்து வாங்குவதே முறை. என்னுடையதன் அளவுகள் இவை: கண்ணருகு வில்லை 10 மடங்கு, கீழே உள்ள வில்லைத் தொகுதி 0.7 முதல் 4.5 மடங்கு வரை திருகிக் கூட்டக்கூடியது. ஆக மொத்த உருப்பெருக்கம் 7 முதல் 45 மடங்கு. கீழ் வில்லைக்கும் பார்க்கப்படும் பொருளுக்கும் இடையே ஏறத்தாழ 100 மி.மீ. இடைவெளி கிடைக்கிறது. புகைப்படக் கருவி பொருத்த மூன்றாவது குழாய் ஒன்றும், வளைய வடிவ எல்இடி விளக்கும் கூடவே வருகின்றன.

இதை வாங்க வைத்தது ஓர் ஈ. உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள், உலகிலேயே மிகச் சிறிய ஈ நமக்கு அண்டை நாடான தாய்லாந்தில் கண்டெடுக்கப்பட்டது என்று எங்கோ படித்துவிட்டு வந்து, அதைப் போன்றதொன்று நம் அடுக்குமாடி புளோக்கிலும் இருக்குமா என்று கேட்டாள். இருக்காது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, ஏனென்றால் அதை எப்படித் தேடுவது என்பதே எனக்குத் தெரியாது. ஆகவே கருவியை எடைபோடவும் அந்த ஈயையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். ஒரு புதிய ஒட்டுண்ணி ஈயை அறிஞர்கள் விவரித்து எழுதும்போது எவற்றையெல்லாம் பார்க்கிறார்களோ, அவற்றில் எவ்வளவை இந்தக் கருவி ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் சாப்பாட்டு மேசையில் காட்டித் தருகிறது?

முதலில் ஈயைப் பற்றி. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தைச் சேர்ந்த பிரையன் பிரவுன் 2012ஆம் ஆண்டில் விவரித்த அதன் பெயர் யூரிபிளாட்டியா நானக்நிஹாலி. தாய்லாந்தின் கெங் கிராச்சான் தேசியப் பூங்காவில் கிடைத்த அந்தப் பெண் ஈயின் நீளம் 0.40 மி.மீ. வீட்டு ஈ ஆறேழு மி.மீ. இருக்கும் என்பதை நினைத்தால், அதன் உடல் நீளத்தில் இப்படிப்பட்ட ஈக்கள் பதினைந்தை வரிசையாக நிறுத்திவிடலாம். பூச்சிகளின் மேல் ஆர்வம் கொண்ட ஒரு சிறுவனின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். ஆணின் பெயரைச் சூட்டும்போது இலத்தீன் மரபுப்படி இறுதியில் இகரம் சேர்வதால்தான் அது நானக்நிஹாலி ஆயிற்று. 2018இல் அதே பிரவுன் பிரேசிலிலிருந்து 0.395 மி.மீ. நீளமுள்ள இன்னொன்றை விவரித்தார். அதன் முன்கால்கள் பருத்துத் திரண்டிருந்ததால் நடிகர் அர்னால்டு சுவார்ஸ்நேகரை நினைத்து அர்னால்டி என்று பெயரிட்டார். விஞ்ஞானிகளுக்கு நகைச்சுவை வராது என்பவர்கள் இலத்தீன் பெயர்ப் பட்டியல்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டுமே ஃபோரிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. மார்பு மேல்நோக்கி வளைந்து கூன் விழுந்தது போல இருப்பதால் நானும் மகளும் இவற்றைக் கூன் ஈ என்று அழைக்கிறோம். இக்குடும்பத்தில் பெயரிடப்பட்ட சிற்றினங்களே நாலாயிரத்துக்கு மேல். அழுகல் தின்பவை, காளான் தின்பவை, நத்தையைத் தாக்குபவை, தேனீக்குள் முட்டையிடுபவை என்று இவற்றின் வாழ்க்கை முறைக்கு எல்லையே இல்லை. இவற்றுள் எறும்பைத் தாக்குபவற்றின் கதைதான் கொடூரமானது. சூடாக்டியான் என்னும் பேரினத்தின் பெண் ஈ, எறும்பின் மேல் ஒரு கணம் பாய்ந்து அதன் மார்புக்குள் ஒரு முட்டையைச் செலுத்திவிட்டுப் பறந்துவிடும். பொரித்த புழு எறும்பின் தலைக்குள் நகர்ந்து அங்கே வளரும். கூட்டுப்புழுவாகும் காலம் நெருங்கும்போது தலையின் உள்ளடக்கத்தைத் தின்றுவிட, தலை உடலிலிருந்து கழன்று விழும். காலியான அந்தத் தலையோட்டையே கூடாக்கிக்கொண்டு, வளர்ந்த ஈயாக வெளியே வரும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த நெருப்பெறும்புகளைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியிலிருந்து இந்த ஈக்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். தாம் தங்கி வளரும் உயிரியைக் கடைசியில் கொன்றே தீரும் இவற்றை வெறும் ஒட்டுண்ணி என்று சொல்வது குறைவுதான், ஆனால் தமிழில் வழங்கும் சொல் அதுவே. தாய்லாந்து ஈ எறும்பின் தலைக்குள் வளர்வதை யாரும் நேரில் கண்டதில்லை. எறும்பைத் தாக்கும் ஆப்பிரிக்க உறவு ஈ ஒன்றையும், இதன் கூரிய முட்டைக்குழலின் அமைப்பையும் வைத்து அப்படி ஊகித்திருக்கிறார்கள். எறும்பும் தன் கையால் எண் சாண் என்பார்கள். அந்த எறும்பின் தலையே வீடாகும் அளவுக்குச் சிறியது எத்தனை சாண் என்று கேட்டாள் மகள்.

சாணுக்கு வழியில்லை, மில்லிமீட்டரில் கணக்குப் போடலாம். 45 மடங்கில் இந்தக் கருவியின் பார்வை வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 4.4 மி.மீ. 0.4 மி.மீ. ஈ அதில் பதினொன்றில் ஒரு பங்கை அடைக்கும். அதாவது 18 மி.மீ. நீளமுள்ள ஒரு பூச்சியை முகத்திலிருந்து 25 செ.மீ. தள்ளி வைத்துப் பார்ப்பதற்கு அது சமம். தலை, மார்பு, இறக்கை, கால் ஆகியவற்றைத் தாராளமாகப் பார்க்கலாம். மயிர்களை எண்ண முடியாது. 7 மடங்கில் அதே ஈ ஒரு தூசி.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இதற்கு முன் 45 வெள்ளிக்கு, பேனா போன்ற ஒரு யுஎஸ்பி நுண்ணோக்கியை வாங்கி ஏமாந்தேன். பெட்டியில் "1000 மடங்கு" என்று அச்சிட்டிருந்தார்கள். அது கணினித் திரையில் படத்தை இழுத்துப் பெரிதாக்கிய கணக்கு. பெரிதாக்குவது வேறு, பிரித்துக் காட்டுவது வேறு. மங்கலான படத்தை எத்தனை மடங்கு இழுத்தாலும் அது பெரிய மங்கலான படமாகத்தான் இருக்கும். என் இருகண் நுண்ணோக்கி 45 மடங்கோடு நின்றுவிட்டாலும், ஏறத்தாழ மூன்று நான்கு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இடைவெளியில் உள்ள இரு கோடுகளைத் தனித்தனியாகக் காட்டும் அளவுக்கு அதன் வில்லைகள் தரமானவை. அதோடு இரு கண்களாலும் பார்ப்பதால் ஆழம் தெரிகிறது. கூன் கூனாகவே தெரிகிறது. ஒற்றைப் புகைப்படத்தில் அது தட்டையாகிவிடும்.

வந்து சேர்ந்த முதல் கருவியை நான் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இடக்கண் காட்டிய வட்டமும் வலக்கண் காட்டிய வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை. பத்து நிமிடம் பார்த்தால் நெற்றிப்பொட்டு வலிக்கும். விற்பவர் முதலில் என் கண்ணில்தான் கோளாறு என்பது போலப் பதில் எழுதினார். கட்டம் போட்ட தாளை வைத்து இரு கண்ணருகு வில்லைகள் வழியாகவும் தனித்தனியே எடுத்த படங்களை அனுப்பிய பிறகுதான், மூன்று வாரம் கழித்து மாற்றிக் கொடுத்தார். விளக்கின் மின்கம்பியில் நம் ஊர்ச் சுவருக்குப் பொருந்தாத இருமுனைச் செருகி இருந்தது. பாதுகாப்பு முத்திரையுள்ள தகுந்த மின்னிணைப்பியை அருகிலிருந்த மின்சாதனக் கடையில் வாங்கினேன். நீங்கள் வாங்கினால் முதல் நாளே கட்டத்தாள் சோதனையைச் செய்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்தபின் தலைவலியைச் சான்றாகக் காட்ட முடியாது.

மாற்றிக் கொடுத்த கருவியில் அந்தக் குறை இல்லை. அதன்பின் ஈ தேடும் படலம். நம் பூங்காக்களிலும் இயற்கைப் பாதுகாப்பு வனங்களிலும் பூச்சி பிடிக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும் என்பதால், எங்கள் வேட்டைக்களம் சமையலறையோடு முடிந்தது. நெகிழிப் புட்டியின் மேல்பாதியை அறுத்துக் கவிழ்த்துப் புனல்போலச் செருகி, உள்ளே கனிந்த பப்பாளித் துண்டையும் இரண்டு இறால் ஓடுகளையும் போட்டுத் துணி காயப்போடும் இடத்தில் வைத்தோம். நாற்றத்தைப் பற்றி என் மனைவியின் கருத்தை இங்கே பதிவு செய்யப் போவதில்லை. எதிர்வீட்டுப் பாட்டி மட்டும், "என்ன தம்பி, ஊரே டெங்கிக்குப் பயந்து கொசுவ விரட்டுது, நீங்க ஈய வளக்குறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் புட்டியில் பதினாறு பூச்சிகள். 10 மடங்கிலேயே அவை மூன்று சாதியாகப் பிரிந்துவிட்டன. சிவந்த கண்ணும் மெதுவான பறத்தலும் உள்ளவை பழ ஈக்கள். உடலெங்கும் மயிர் போர்த்தி, இறக்கையை இலைபோல விரித்து உட்கார்ந்தவை குளியலறை வடிகாலிலிருந்து வந்தவை. எஞ்சிய நான்கும் கூன் ஈக்கள். அவற்றை உயிரோடிருக்கும்போதே அடையாளம் காணலாம். பறப்பதை விட்டுவிட்டு, விட்டு விட்டு விருட்டென்று ஓடும். செத்த பின் அடையாளம் இறக்கையில் இருக்கிறது. முன்விளிம்பில் அடிப்பாதிவரை மட்டும் தடித்த நரம்புகள் கூட்டமாகச் சேர்ந்திருக்க, மற்ற நரம்புகள் பென்சிலால் மெல்லக் கீறியதுபோலக் குறுக்கிணைப்பே இல்லாமல் சாய்ந்து ஓடும். 30 மடங்கில் இது பளிச்சென்று தெரிகிறது. பின்கால் தொடை தட்டையாக அகன்றிருப்பதும், தலையின் முன்புறத்தில் தடித்த முட்கள் வரிசையாக நிற்பதும் 45 மடங்கில் தெரிந்தன. இத்தனைக்கும் அவை இரண்டு மி.மீ. நீளமுள்ள சாதாரண ஈக்கள்.

பார்க்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கருவியோடு வரும் கையேட்டில் இது இல்லை. சாராயத்தில் போட்ட ஈ சிறு கண்ணாடித் தட்டில் நிலையாக நிற்காது. விளக்கின் வெப்பத்தில் திரவம் மெல்லச் சுழலும், ஈயும் சுழன்று வட்டத்தைவிட்டு வெளியேறும். தொற்றுக் காலத்தில் வாங்கி அலமாரியில் கிடந்த கைச்சுத்திகரிப்புக் களிம்பை, நிறமற்றதாகப் பார்த்து, தட்டின் அடியில் ஒரு சொட்டு விட்டோம். காற்றுக் குமிழ் அடங்கும்வரை காத்திருந்து, அதில் ஈயைப் புதைத்து, மேலே சாராயம் ஊற்றினால் அது வைத்த கோணத்திலேயே நிற்கிறது. பூச்சியியலாளர்களும் படமெடுக்க இந்த உத்தியைக் கையாள்கிறார்கள். ஈயைத் திருப்ப, பிராஸ் பாசா வளாகத்தில் வாங்கிய, மூன்று சுழி எண்ணுள்ள ஓவியத் தூரிகை போதும். இடுக்கி பிடித்தால் கால் போய்விடும். இரண்டு ஈக்கள் அப்படிக் காலிழந்தன. 100 மி.மீ. இடைவெளியின் அருமை இந்த வேலையில்தான் புரிகிறது. வில்லையில் இடிக்காமல் இரு கைகளும் கீழே புழங்குகின்றன.

புகைப்படத்தில் இந்தக் கருவி பாதி மதிப்பெண்தான் பெறும். 45 மடங்கில் மார்பின் முதுகைக் கூர்மையாக்கினால் கால்கள் மங்கும், கால்களைக் கூர்மையாக்கினால் முதுகு மங்கும். ஆய்விதழ்களில் தலை முதல் கால்வரை ஒரே கூர்மையுடன் வரும் ஈயின் படம், சிறிது சிறிதாகக் குவியத்தை நகர்த்தி எடுத்த பல படங்களைக் கணினியில் ஒன்றாக அடுக்கியது. என் கருவியின் குவியத் திருகில் அளவுக்கோடுகள் இல்லை. கையால் நகர்த்திப் பன்னிரண்டு படம் எடுத்து அடுக்கினோம், சுமாராக வந்தது.

இனி முதலில் கேட்ட கேள்வி. புதிய ஈ ஒன்றை விவரிப்பதற்கு இந்தக் கருவி போதுமா? போதாது. எங்கே போதாமல் போகிறது என்பதைச் சொன்னால்தான் இது மதிப்புரை. கூன் ஈக்களில் மெகாசீலியா என்ற ஒரே பேரினத்தில் ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. வெளித்தோற்றத்தில் பலவும் அச்சு அசலாக ஒன்றே. அவற்றைப் பிரிப்பது ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம், அதிலுள்ள மயிர்களின் அமைப்பு, இறக்கை முன்நரம்பின் பகுதிகளுக்கிடையே உள்ள நீள விகிதம், கால்களில் முட்கள் நிற்கும் ஒழுங்கு ஆகியவை. அவற்றைப் பார்க்க, உடலின் தசையைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரைத்து, இறக்கை, கால், வயிறு எனப் பிரித்து, கண்ணாடிச் சில்லில் தனித்தனி மூடிகளின் கீழ்ப் பதித்து, ஒளி கீழிருந்து ஊடுருவும் கூட்டு நுண்ணோக்கியில் 400 மடங்கில் பார்க்க வேண்டும். என் கருவி அந்தப் பிரித்தெடுக்கும் மேசையாகப் பயன்படும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது அநியாயம்.

பார்த்தபின் எழுதுவது தனிப் பாடு. எந்த ஒற்றை மாதிரி அந்தப் பெயரைத் தாங்குகிறது, அது எந்த அரும்பொருளகத்தில் இருக்கிறது, நெருங்கிய உறவுகளிலிருந்து எந்தெந்தக் கூறுகளால் வேறுபடுகிறது என்பவற்றையெல்லாம் எழுத்தில் வைக்க வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியிடுவதாக இருந்தால் விலங்குகளுக்குப் பெயரிடும் விதிகளில் 2012இல் வந்த திருத்தப்படி, அப்பெயர்களுக்கான ஸூபேங்க் என்னும் பதிவேட்டிலும் சேர்த்தாக வேண்டும். தாய்லாந்து ஈயின் விவரிப்பு இந்தத் தடைகளையெல்லாம் கடந்து வந்தது என்பதை, 45 மடங்கில் ஓர் இரண்டு மி.மீ. ஈயோடு மல்லுக்கட்டிய பிறகுதான் என்னால் மதிக்க முடிந்தது.

இதற்காக வீட்டு வேலையை அற்பமாக எண்ண வேண்டியதில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரவாசிகளின் கொல்லைப்புறங்களில் வலை கட்டிப் பிடித்த ஈக்களிலிருந்து 2015இல் ஒரே கட்டுரையில் 30 புதிய மெகாசீலியா சிற்றினங்களை விவரித்தார்கள். உகாண்டாவின் கிபாலே தேசியப் பூங்காவில் ஒரே ஒரு மலேஸ் வலையில், எட்டு வார மாதிரிகளிலிருந்து எடுத்த ஏழாயிரத்துச் சொச்சம் கூன் ஈக்களில் 650க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருப்பதை 2019இல் மரபணுக் குறியீட்டின் மூலம் (மரபணுவின் ஒரு சிறு துண்டை அடையாளச் சீட்டுபோல வைத்துப் பிரிக்கும் முறை) கணித்தது, நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அப்போது இயங்கிய ருடால்ஃப் மையரின் குழு. (மலேஸ் என்பது அந்தக் கூடாரவலையை வடிவமைத்த சுவீடன் நாட்டுக்காரரின் பெயர், மலேசியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.) அதே குழுவினர் சிங்கப்பூரின் சதுப்புநிலக் காடுகளையும் மற்ற வாழிடங்களையும் ஆராய்ந்து, ஏறத்தாழ 1,40,000 பூச்சி மாதிரிகளில் 8,500 அளவிலான சிற்றினங்களை 2021இல் கணக்கிட்டார்கள். முதலில் மரபணுவை வைத்துக் குவியல் குவியலாகப் பிரித்துவிட்டு, பிறகு ஒவ்வொரு குவியலிலும் சில ஈக்களை மட்டும் நுண்ணோக்கியில் வைத்துச் சரிபார்க்கும் முறை அவர்களுடையது. மரபணுவை எடுத்த பிறகும் ஈயின் ஓடு சிதையாமல் மிஞ்சுவதால் இது முடிகிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு, 2015இல் திறக்கப்பட்ட லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு மகளை அழைத்துப் போனேன். எல்லாரும் மூன்று டைனோசர் எலும்புக்கூடுகளின் காலடியில் படமெடுத்துக்கொண்டிருக்க, அவள் பூச்சிப் பேழைகளின் முன்னால் நின்று ஒவ்வொன்றின் கீழும் இருந்த பெயர்ச்சீட்டைப் படித்தாள். வீட்டுக்கு வந்ததும் எங்கள் நான்கு ஈக்களின் புட்டிகளுக்குள்ளும் பென்சிலால் எழுதிய சீட்டைப் போட்டாள்: இடம், மாடி எண், நாள், பிடித்தவர், "பப்பாளியும் இறாலும்". பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும் என்பதை முதல் சீட்டு கற்றுக்கொடுத்திருந்தது.

எட்டு மாதத்தில் கருவிக்கு நேர்ந்த ஒரே ஆபத்து நம் ஊர்க் காற்று. நான்காம் மாதம் இடக் கண்ணருகு வில்லையின் ஓரத்தில் சிலந்தி நூல் போன்ற வெள்ளைக் கீற்று தெரிந்தது. பூஞ்சை. வில்லையைக் கழற்றித் துடைத்தேன், போய்விட்டது. உள்ளே புகுந்திருந்தால் போயிருக்காது. கருவியோடு வரும் நெகிழி உறை தூசியைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. சொல்லப்போனால் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். இப்போது தலைப்பகுதியை மட்டும் கழற்றி, படக்கருவிக்காரர்கள் வைத்திருக்கும் மின் உலர்பெட்டியில் வைக்கிறேன். உலர்பெட்டியின் விலை 110 வெள்ளி. ஆகவே இந்தக் கருவியின் உண்மையான விலை 630 வெள்ளி என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கும், பூச்சி, பாசி, தபால்தலை, மின்சுற்று என்று எதையாவது நுணுகிப் பார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரத்தத் துளி, வெங்காயத் தோல் அணு போன்ற பாடநூல் சோதனைகளுக்கு இது உதவாது. அவற்றுக்குக் கூட்டு நுண்ணோக்கியே வேண்டும். உருப்பெருக்கத்தை 90 ஆக்கும் இரட்டிப்பு வில்லையைச் சென்ற மாதம் 65 வெள்ளிக்கு வாங்கிப் பொருத்தினேன். ஈயின் தலை முட்கள் இப்போது ஓரளவு எண்ணக்கூடியவையாகிவிட்டன. ஆனால் இடைவெளி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, தூரிகையின் காம்பு விளக்கு வளையத்தில் இடிக்கிறது. காம்பைப் பாதியாக நறுக்கிவிட்டோம்.